போயிரலாம்

காட்டில் ஜோடியாகப் பிழைத்துக் கிடக்க வேண்டுமென்றால் இரண்டு பேரும் சேர்ந்து அலையக் கூடாது, ஒருத்தர் போக வேண்டும், ஒருத்தர் இருந்த இடத்தை விட்டு அசையாமல் இருக்க வேண்டும் என்று தங்கபுஷ்பத்திடம் முதன்முதலில் சொன்னவர் வேலாண்டி என்கிற பழைய பட்டாளத்துக்காரர். ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை மத்தியானம், மலையடிவாரத்து எஸ்டேட் பங்களாவின் முற்றத்தில், டிவிக்காரர்கள் போட்டுக்கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் போட்டிக்கு வந்த மாமியார்மாரும் மருமகள்மாரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தபோது சொன்னார். "இருக்கிறவங்க என்ன ஆனாலும் நகரக் கூடாதும்மா. போனவங்களைக் காணோமேன்னு தேடிக் கிளம்பினீங்கன்னா அப்புறம் நாங்க தேட வேண்டியது ரெண்டு பேரை. போறவங்களுக்குத் திரும்பி வர ஒரு இடம் வேணும். அந்த இடம் நீங்கதான்." முன்வரிசையில் இருந்த சென்னை மாமியார் உடனே, "வீட்லயும் அதேதான் சார், அவ ஊர் சுத்துவா, நான் காவல் இருப்பேன்" என்றாள். அவளுடைய மருமகள், "காவல்னு சொல்லாதீங்க அத்தை, சிசிடிவின்னு சொல்லுங்க" என்றாள். டிவிக்காரப் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம், அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டார்கள். தங்கபுஷ்பமும் சிரித்தாள், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு. பக்கத்தில் இருந்த மருமகள் பெனிலா சிரித்தாளா இல்லையா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படித் திரும்பிப் பார்க்கிற பழக்கம் அந்த வீட்டில் விட்டுப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்த இடம் நீங்கதான். இப்போது அந்த இடமாகத்தான் அவள் உட்கார்ந்திருக்கிறாள், கூரை போல முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பாறைக்கு அடியில், இலை பரப்பிய தரையில், டிவிக்காரர்கள் கொடுத்த கறுப்புக் கால்சட்டையும் பச்சை பனியனும் போட்டுக்கொண்டு, ஐம்பத்தெட்டு வயதில். முதல் நாள் இதை மாட்டிக்கொண்டு வெளியே வர வெட்கப்பட்டு பங்களாக் குளியலறைக்குள்ளேயே நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் பெனிலா, "சேலையைக் கட்டிக்கிட்டு மரம் ஏற முடியாது அத்தே, வாங்க" என்றாள். "நான் எதுக்குப் பிள்ள மரம் ஏறணும்?" "நீங்க ஏற வேண்டாம். ஏறின என்னை இறக்கி விடவாவது ஆள் வேணும்லா." சபை மாதர் சங்கத்துப் பெண்கள் டிவியில் பார்க்கத்தான் போகிறார்கள், கனகமணி அக்காள் வாயில் கையை வைத்துக்கொள்ளத்தான் போகிறாள், பார்க்கட்டும் என்று இப்போது தோன்றியது, வயிறு காய்ந்தால் வெட்கமும் காய்ந்துவிடுகிறது போல. எதிர் மரத்தில் கட்டி வைத்திருக்கிற சின்ன கேமரா சிவப்பாகக் கண் விழித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் மூக்கைச் சிந்தக்கூட முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது அதுவும் ஒரு பல்லி மாதிரி ஆகிவிட்டது. தீ அடங்கியிருந்தது. ஒரு சுள்ளியை உள்ளே தள்ளினாள். பெனிலா ஓடைக்குப் போகும்போது வெயில் அந்த மரத்தின் வேர் மேல் விழுந்துகொண்டிருந்தது. இப்போது வேரைத் தாண்டி, புல்லைத் தாண்டி, பாறையின் காலடிக்கு வந்துவிட்டது. தண்ணீர் எடுக்க இவ்வளவு நேரமா? மீனும் பிடித்துவிட்டு வருவாள், கொசுவலைத் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டுதானே போனாள். "தீயைப் பாத்துக்கிடுங்க அத்தே, வந்துருவேன்." வந்துருவேன் என்றுதான் சொன்னாள். அதில் சந்தேகமில்லை. வந்துருவேன் என்றால் வருகிறது அவள்தான், வேறு யாருமில்லை, அந்தச் சொல்லில் ஆள் இருக்கிறது. நேற்றுச் சொன்ன சொல்லில்தான் ஆள் இல்லை.

நேற்று சாயங்காலம், மழை தூறிக்கொண்டிருந்தது, கிழங்குத் தோலை நகத்தால் உரித்துக்கொண்டே பெனிலா சொன்னாள், "அந்த வீடு கிடைச்சிட்டா போயிரலாம் அத்தே." அவ்வளவுதான். கடைசிவரை காட்டில் தாக்குப்பிடிக்கிற ஜோடிக்கு ஒரு வீடு பரிசு, சென்னைக்கு வெளியே, புதுசாகக் கட்டிய அடுக்கு மாடியில், சாவியை ஒரு வெல்வெட்டுப் பெட்டியில் வைத்துக் காட்டினார்கள். போயிரலாம். யார்? இவள் கேட்டிருக்கலாம், "யாரு பிள்ள?" என்று, இரண்டே வார்த்தை. கேட்கவில்லை. புகை கண்ணில் பட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உப்பு இல்லாமயே இந்தக் கிழங்கு இனிக்குது, என்ன?" என்றாள். போயிருவேன் என்று சொல்லியிருந்தால் அவள் மட்டும். போயிருவோம் என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும். போயிரலாம் என்றால் வாசல் மட்டும் திறந்திருக்கிறது, யார் நுழைகிறார்கள் என்று தெரியவில்லை. ஒரு வேளை அத்தே என்று கூப்பிட்டதிலேயே எல்லாம் அடங்கிவிட்டதோ, நாம ரெண்டு பேரும் போயிரலாம் அத்தே, அப்படியோ. இல்லை, அத்தே, நான் போயிரலாம்னு இருக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க, அப்படியோ. முப்பத்தோரு வயசுப் பிள்ளை. ஏன் போகக் கூடாது? போக வேண்டியதுதானே. நர்சிங் படித்திருக்கிறாள், சென்னையில் வேலைக்கா பஞ்சம். இவ்வளவு நாள் இருந்ததே பெரிசு. இருந்தாள் என்று சொல்வதா, போ என்றும் இரு என்றும் யாரும் சொல்லாததால் நின்றுவிட்டாள் என்று சொல்வதா. அவளுக்கு அம்மா இல்லை. அண்ணன் திருப்பூரில், அவன் வீட்டில் அவன் பெண்டாட்டிக்கே இடம் போதாது. போயிரலாம். மகன் நேசனைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் டாக்டரும் இப்படித்தான் பேசினார், பாக்கலாம்மா, பாக்கலாம். யார் பார்க்கிறது, எதைப் பார்க்கிறது? நேசனும் அப்படித்தான். காய்ச்சலில் உதடு வெடித்துப்போய், கையில் ஊசி செருகிய இடம் வீங்கிப்போய், "வீட்டுக்குப் போயிரலாம்மா" என்றான். "போயிரலாம் ராசா, காலையில போயிரலாம்" என்றாள் இவளும்.

வேண்டாம். அந்தப் பக்கம் போகக் கூடாது. அந்தப் பக்கம் போனால் திரும்பி வர நேரம் ஆகும், இங்கே தீயைப் பார்க்க ஆள் இல்லை. அவள் இன்னொரு சுள்ளியை எடுத்தாள், அது ஈரம், சீறியது, புகைந்தது. காத்தாடியில் வேலை பார்த்தான் நேசன், பணகுடி வழியில் கரண்டு எடுக்க நிற்கிற அந்த வெள்ளைக் காத்தாடிகளில் உச்சிக்கு ஏறி உள்ளே கம்பிகளையும் சக்கரங்களையும் பார்க்கிற வேலை. தினமும் ஏறுகிற பிள்ளை, தினமும் இவள் முழங்காலில் நின்று ஜெபித்தாள், விழுந்துவிடக் கூடாது, விழுந்துவிடக் கூடாது. விழவே இல்லை. கட்டிலில் படுத்துப் போய்ச் சேர்ந்தான். விழாமல் காத்தார், அவ்வளவுக்கு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டியதா? காய்ச்சலுக்காக ஜெபிக்க அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. காய்ச்சல் எல்லாருக்கும் வருகிறதுதானே. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி காலையில் அடுப்பு மூட்டுவாள், ஒருத்தி தண்ணீர் பிடிப்பாள். மத்தியானம் பெனிலா ஆஸ்பத்திரி ட்யூட்டிக்குப் போவாள், இவள் இருப்பாள். சண்டை இல்லை. டிவிக்காரர்கள் ஆள் எடுக்க வந்தபோது அந்தக் கண்ணாடி போட்ட பையன் திரும்பத் திரும்பக் கேட்டான், "சும்மா சின்னச் சின்ன சண்டை, குழம்புல உப்பு, அந்த மாதிரி?" பெனிலா யோசித்துவிட்டு, "உப்பு கூடினா எடுத்து வச்சிட்டு மோர் ஊத்திக்கிடுவோம்" என்றாள். பையன் பேனாவை மூடிவிட்டான். இவர்களை எதற்கு எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. சண்டை போடுகிற ஜோடிகளுக்கு நடுவே சண்டை போடாத ஒரு ஜோடி கிடக்கட்டும் என்று எடுத்திருப்பார்கள், விருந்தில் ஒரு ஓரமாய்த் தயிர்சாதம் வைக்கிற மாதிரி. ஆனால் சண்டை போடுகிறவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். சென்னைக்காரி அட்டைப்பூச்சியைப் பார்த்து விசிலை ஊதிவிட்டாளாம், அந்த மருமகள் அதற்கு அழுதாளாம், கேமராக்காரத் தம்பி சொன்னான். தயிர்சாதம்தான் மிஞ்சியிருக்கிறது.

விசில். கழுத்தில் நூலில் தொங்கிய ஆரஞ்சு நிற விசிலைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு தடவை நீளமாக ஊதினால் எங்கே இருக்கிறாய் என்று அர்த்தம், மற்றவள் ஒரு தடவை ஊதி இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். மூன்று தடவை ஊதினால் முடியவில்லை, வந்து கூட்டிப்போங்கள் என்று அர்த்தம். மேட்டில் கூடாரம் போட்டிருக்கிற டிவிக்காரர்கள் ஓடி வருவார்கள், ஜோடியில் யார் ஊதினாலும் சரி இரண்டு பேரும் வெளியே. ஊதிப் பார்ப்போமா? பாவம், மீன் பிடித்துக்கொண்டிருப்பாள், ஊதினால் கலைந்துவிடும். வெயில் பாறையில் ஒரு விரல்கடை ஏறியது. ஓடைப் பக்கமிருந்து அந்தப் பறவை மறுபடியும் சீட்டி அடித்தது, வேலைவெட்டி இல்லாத பையன் ஒருவன் மனம்போனபடி சீட்டி அடித்துக்கொண்டு போவதைப்போல, மேலே ஏறி, பாதியில் விட்டு, வேறெங்கோ தொடங்கி. முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு மனிதர் யாரோ வருகிறார்கள் என்று இவள் பனியனை இழுத்து விட்டுக்கொண்டாள், பெனிலா அப்போது சிரித்தாள், வாய்விட்டு. அந்தச் சிரிப்பை இரண்டாவது தடவை கேட்டது குரங்கு வந்த அன்றைக்கு. கிழங்கை அவித்து இலையில் வைத்து, இவள் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தாள், மழைக்காக, கிழங்குக்காக, கூடாரத்துப் பிள்ளைகளுக்காக, மற்ற ஜோடிகளுக்காகவும் கொஞ்சம், அவர்களும் மனுஷர்தானே, ஆமென் என்று கண்ணைத் திறந்தால் இலை மட்டும் இருக்கிறது, பாறைமேல் குரங்கு உட்கார்ந்து ஊதி ஊதித் தின்கிறது. மரியாதைக்காகப் பெனிலாவும் கண்ணை மூடியிருந்தாள். "மத்த ஜோடிங்களுக்கு நாளைக்கு ஜெபிச்சிருக்கலாம் அத்தே" என்றாள். பிறகு இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு, பசியில் சிரித்தால் வலிக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ராத்திரி குளிருக்கு முதுகோடு முதுகு ஒட்டிப் படுக்க வேண்டும் என்று வேலாண்டி சொல்லிக் கொடுத்திருந்தார், அப்படியே படுத்தார்கள், அந்தப் பிள்ளையின் முதுகு எவ்வளவு சூடு, எவ்வளவு சின்ன முதுகு. வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இத்தனை நாள் இருந்தும் நேசனின் அடக்கத்தன்று தோளைப் பிடித்துக்கொண்டதற்குப் பிறகு இவள் அவளைத் தொட்டதே இல்லை. இந்தப் போட்டி முடியாமல் இப்படியே இழுத்துக்கொண்டு போகட்டும் என்று இவள் நினைத்துக்கொண்டதை யாரிடம் சொல்வது? எல்லாரும் எப்போது முடியும் என்று காத்திருக்கிற இடத்தில்.

ஊதினாள். நீளமாக, ஒரு தடவை. ராத்திரிப் பனியில் கிடந்த விசில், சத்தம் மெலிந்துபோய்க் கீச்சென்று வந்தது. காத்திருந்தாள். சில்வண்டு. இலைகளில் காற்று. பறவை சீட்டி அடித்தது. விசில் இல்லை. கைக்குக் குளிர் ஏறுவது தெரிந்தது, உச்சி வெயில் சாய்ந்துகொண்டிருக்கிற நேரத்தில் என்ன குளிர். மறுபடியும் ஊதினாள். பறவை. சரி, தண்ணீர் சத்தத்தில் கேட்டிருக்காது. தண்ணீர் சத்தத்தில் கேட்காது என்றால் நேற்று எப்படிக் கேட்டது, நேற்று உடனே பதில் வந்ததே. பாசி பிடித்த பாறை. சறுக்கினால் தலை. பாம்பு. பன்றி குட்டிகளோடு வந்தால் கண்மண் தெரியாமல் முட்டும் என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தால் என்ன? இருக்கிறவங்க நகரக் கூடாது. எழுந்தாள், உட்கார்ந்தாள். மூன்று தடவை ஊதிவிட்டால் தீர்ந்தது, ஐந்தாறு ஆண்கள் ஓடி வந்து ஓடையைச் சல்லடை போட்டுத் தேடிவிடுவார்கள், உயிரை விடவா ஒரு வீடு, போனால் போகட்டும். வீடு போனால் போகட்டும். வீடு போனால் அந்தச் சொல்லும் போகும். பழையபடி காலையில் ஒருத்தி அடுப்பு மூட்டுவாள், ஒருத்தி தண்ணீர் பிடிப்பாள். விசில் உதட்டுக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் தன் மனசுக்குள் எதுவோ இலேசாகிப் புன்னகை பூத்தது போல் இருந்ததை அவள் கண்டுகொண்டாள், தன் வீட்டு அறைக்குள் நுழைந்து அங்கே அறிமுகமில்லாத ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதுபோல. யார் நீ? பயந்தவளா, பறித்துக்கொள்ள வந்தவளா? விசிலை எடுத்தாள். இது பயமா, பயத்தின் சேலையைக் கட்டிக்கொண்டு வந்த வேறொன்றா? ஊதினால் அந்தப் பிள்ளையின் வீட்டைப் பிடுங்கியதாகிவிடும். ஊதாமல் இருந்து அங்கே அவள் தலையில் ரத்தத்தோடு கிடந்தால்? ஆண்டவரே, ஒன்றைக் காட்டும். பெனிலா எத்தனை நாள் இதற்காக ஆஸ்பத்திரியில் லீவு சொல்லி, கெஞ்சி, ராத்திரி ட்யூட்டியாக மாற்றிக்கொண்டு நின்றாள். அவள் கேட்டு இந்த உலகத்தில் வாங்கிக்கொண்டது வேறு எதுவுமில்லை. மாமியாரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறேன் என்று கேட்டது ஒன்றுதான். ஜோடி இல்லாமல் சேர்க்க மாட்டார்கள் என்பதற்காகக் கூட்டி வந்தாளோ? இருந்தால் இருக்கட்டும். ஒரு காரணத்துக்குக் கூப்பிட்டாலும் கூப்பிட்டாள் அல்லவா.

ஜெபிப்போம், ஜெபித்துவிட்டு எது தோன்றுகிறதோ அதைச் செய்வோம் என்று முழங்காலிட்டாள், கண்ணை மூடினாள். வாய் தானாக ஆரம்பித்தது, எத்தனை வருஷம் ஓடிய வண்டிப்பாதை அது. அன்புள்ள ஆண்டவரே, எட்வினையும் ஷீபாவையும் அவர்கள் பிள்ளைகளையும் உமது கரத்தில் தருகிறேன், மஸ்கட்டில் அவன் வேலையைக் காத்தருளும். ஹெப்சியையும் அவள் வீட்டுக்காரரையும் கோயம்புத்தூரில் அந்த வாடகை வீட்டையும் ஆசீர்வதியும். எங்கள் சபையை, போதகர் ஐயரை, ஆமென். ஆமென் என்றுவிட்டாள். நின்றுவிட்டாள். என்ன இது, எதற்காக முழங்காலிட்டோமோ அது எங்கே? மறுபடியும் ஆரம்பித்தாள், எட்வினையும் ஷீபாவையும், ஹெப்சியையும் அவள் வீட்டுக்காரரையும், பிறகு நாக்கு ஒரு பள்ளத்தைத் தாண்டுவதுபோல் சபைக்குத் தாண்டியது. அந்தப் பள்ளத்தில் என்ன இருந்தது? நேசன் இருந்தான். நேசனையும் அவன் வீட்டுக்காரியையும் உமது செட்டைகளில் மறைத்துக்கொள்ளும். அந்த ஒரு வரி. கல்யாணத்தன்று ராத்திரியே சேர்த்துக்கொண்ட வரி. அடக்கம் முடிந்த வாரம், குடும்ப ஜெபத்தில் பழக்கத்தில் அதைச் சொல்லப்போய் இவள் உடைந்து அழ, ஐயர் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு இதமாகச் சொன்னார், "அம்மா, போனவங்களுக்காக நாம ஜெபிக்கிறது இல்ல. அவர் ஆண்டவர்கிட்ட இருக்கிறார், அவருக்கு ஒரு குறையும் இல்ல." சரி ஐயா என்றாள். கீழ்ப்படிந்தாள். மறுநாளிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டாள், ஆணி பிடுங்குவதுபோலப் பிடுங்கி. முழு வரியையும். நேசனையும் அவன் வீட்டுக்காரியையும். அவன் போனான், வரியோடு அவளும் போனாள். ஏசப்பா. இத்தனை நாளும், ஒவ்வொரு சாயங்காலமும், அந்தப் பிள்ளை எதிரில் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள், எட்வின், ஷீபா, ஹெப்சி, கோயம்புத்தூர் வாடகை வீடு, வாடகை வீட்டுக்குக்கூட இடம் இருந்தது. ஹெப்சியின் பெயர் வந்ததும் பெனிலா எழுந்துகொள்வாள், "அடுப்பைப் பாத்துட்டு வாரேன் அத்தே." அடுப்பு அணைத்து வெகுநேரம் ஆகியிருக்கும். ஜெபத்தின் நடுவில் எழும்புகிறாளே என்று ஒருநாள் இவள் மனசுக்குள் குறைகூடப் பட்டாள். நேற்றைய சொல்லில் தனக்கு இடம் உண்டா இல்லையா என்று ராத்திரி முழுக்க இவள் புரண்டாள், ஒரு ராத்திரி. அவள் புரண்டது எத்தனை ராத்திரி?

கண்ணைத் திறந்தபோது வெயில் பாறையை விட்டுப் போயிருந்தது. அவள் எழுந்து நின்றாள். விசில் கழுத்தில் கிடந்தது, அதை அவள் எடுக்கவில்லை, யோசித்து எடுக்காமல் விட்டதுமில்லை. இருந்த இடத்தை விட்டு ஒரு அடி நகராமல், ஓடைப் பக்கம் முகத்தைத் திருப்பி, சபையில் கீர்த்தனை எடுக்கும்போது எழுப்புகிற அந்தக் குரலை அடிவயிற்றிலிருந்து எழுப்பி, "பெனிலா" என்று கூப்பிட்டாள். இவ்வளவு காலத்தில் பிள்ள என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள், மூத்த மருமகளை ஷீபா, மகளை ஹெப்சி, இவளை மட்டும் பிள்ள, பாசமாகத்தான், ஆனால் கடைக்கு வருகிற பிள்ளையும் பிள்ளதான். "பெனிலா." பெயர் மரங்களுக்குள் போயிற்று. சீட்டி அடித்துக்கொண்டிருந்த பறவை நிறுத்தியது. பெயர் எங்கேயோ ஒரு பாறையில் முட்டி மங்கலாகத் திரும்பி வந்தது, லா, லா. பிறகு ஒன்றுமில்லை. பிறகு கீழே, வெகு கீழே, மூங்கில் பக்கம், "என்ன அத்தே?"

என்ன அத்தே. அடுப்படியிலிருந்து கேட்பதைப் போல. தங்கபுஷ்பம் அப்படியே உட்கார்ந்துகொண்டாள். பெனிலா ஏறி வருகிற சத்தம் வெகுநேரம் கேட்டது, சருகு, கல், மூச்சு. தண்ணீர்க் கேனை இறக்கி வைத்தாள். தலைமுடி நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது, கண் சிவந்திருந்தது, அது தண்ணீரில் முங்கியதாலும் இருக்கலாம். கொசுவலைத் துண்டில் விரல் நீளத்துக்கு நாலைந்து மீன்கள்.

"விசில் ஊதினேனே, கேக்கலையா?"

"கேட்டுது. அந்தப் பறவைன்னுல்லா நினைச்சேன். இன்னைக்கு என்னமோ மூச்சுப் பிடிச்சுப் பாடுதேன்னு பாத்தேன்."

"நல்ல ஆளு."

"தலை குளிச்சேன் அத்தே. அந்த வளைவுக்கு அப்பால கேமரா கிடையாது. கொஞ்ச நேரம் ஒருத்தரும் பாக்காம உக்காந்திருந்தேன்." பெனிலா அவள் முகத்தைப் பார்த்தாள். "பயந்துட்டியளா?"

"லேசா."

"மூணு ஊதிருவியளோன்னு நினைச்சு ஓடி வந்தேன். கூப்பிட்ட கூப்பிடு அப்படி. யாரோ வேற ஆளைக் கூப்பிடுதாங்கன்னு நினைச்சிட்டேன் முதல்ல."

"உன் பேரைத்தான கூப்பிட்டேன்."

"அதான் சொல்லுதேன்" என்றாள் பெனிலா. முடியை முறுக்கித் தண்ணீரைப் பிழிந்தாள், அது தீயின் ஓரத்தில் விழுந்து உஸ் என்றது.

தங்கபுஷ்பம் மீன்களை வாங்கி இலையில் வைத்து நகத்தால் செதில் எடுத்தாள். கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது, நேத்து சொன்னியே, யாரு போறதுக்கு என்று. எளிய கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிறவளுக்குக் கேட்க என்ன பாத்தியம் இருக்கிறது என்று யோசித்தபோது நாக்கு தானாக உள்ளே போயிற்று. மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்தால் அந்தப் பிள்ளை, ஐயோ அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தே, என்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடும், இங்கே அடுப்பு காலடியில்தான் இருக்கிறது, இருந்தாலும் போய்விடும். நாளைக்கு முடியுமோ, அதற்கும் அடுத்த நாளோ, வீடு கிடைக்குமோ கிடைக்காதோ. சட்டியில் தண்ணீரை ஊற்றி மீனைப் போட்டாள். உப்பில்லாத மீன் வாடை எழுந்தது. பெனிலா கைகளைத் தீக்கு நேரே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், விரல் நுனி வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது, தண்ணீரில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறாள், ஒருத்தரும் பாராமல். சட்டியை இறக்கி, ஆளுக்கு ஓர் இலை போட்டு, மீனைப் பங்கு வைத்தாள். பெரியது எது என்று பார்த்து அவள் இலையில் வைத்தாள், அவள் அதை எடுத்து இவள் இலையில் வைத்தாள். வழக்கம்போலப் பெனிலா தலையைக் குனிந்தாள், அத்தை ஆரம்பிக்கட்டும் என்று. தங்கபுஷ்பம் ஆரம்பிக்கவில்லை. தீ ஒரு முறை படபடத்தது. பெனிலா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"என்ன அத்தே?"

"இன்னைக்கு நீ ஜெபம் பண்ணேன், பெனிலா."